பதினோரு கிளைகள்

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, சின்னத் தொட்டியில் பதினோரு பவளக் கிளைகள் மிச்சமிருந்தன. ஒரு கிளை மூன்று நாளைக்கு வரும். தின்ற கிளை மறுபடி தழைக்க மூன்று மாதம் பிடிக்கும். முப்பத்துநான்கு கிளைகள் இருந்தால்தான் சக்கரம் நிற்காமல் ஓடும் என்று அவர் சொல்லித் தந்திருந்தார். பதினொன்று என்றால் முப்பத்துமூன்று நாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு மீன்களுக்கும் சாப்பாடு இல்லை.

எங்கள் முன்னறையில் இரண்டு கடல்நீர்த் தொட்டிகள் இருந்தன. பெரியதில் ஒரு ஜோடி வண்ணத்துப்பூச்சி மீன்கள். உள்ளங்கை அகலத்தில் தட்டையான உடம்பு, வெள்ளை மேல் சாய்வாக ஆரஞ்சுக் கோடுகள், குறடு போல ஒரு சின்ன வாய். அந்த வாய் உயிருள்ள பவளத்தைக் கொத்துவதற்கென்றே படைக்கப்பட்டது. மற்ற மீன்கள் அடித்துப் பிடித்துத் தின்னும் உருண்டையோ, உறைந்த இறாலோ, புழுவோ அவற்றுக்கு உணவாகவே தெரியாது. கண்ணெதிரே போட்டாலும் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விலகும். அதனால் சின்னத் தொட்டியை அவர் தோட்டமாக்கியிருந்தார். பவளத்தைக் கட்டைவிரல் நீளத்துக்கு ஒடித்து, கல்லில் நட்டு வளர்த்தார். ஒரு கிளையை எடுத்துப் பெரிய தொட்டியில் வைப்பார், இரண்டும் மேயும். பாதி வெளுத்ததும் அதைத் தோட்டத்தில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததைக் கொண்டுவருவார். காட்டை மாற்றி மாற்றி ஆடு மேய்ப்பவனின் கணக்குதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நீச்சல் தெரியாது. எங்கள் தெருக்கோடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவருக்கு எந்நேரமும் கை தண்ணீரிலேயே கிடக்கும். அவருக்கு ஊரில் பெயரே ஈரக்கை. ஈரக்கை கேட்காமலே, யாரோ மாற்றி அனுப்பிய பெட்டியில் அவர் கடைக்கு வந்தது அந்த ஜோடி.

"மூணு வாரத்துக்கு மேல தாங்காதாம்," என்று வாளியோடு வந்து நின்றார் என் வீட்டுக்காரர். "கோரல் வச்சிருக்கிறவன் இதை வாங்க மாட்டான், தோட்டத்துல ஆட்டை விட்ட மாதிரி ஆயிடும். கோரல் இல்லாதவன் வாங்கினா இதுங்க பட்டினி. அதான் நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"ரொம்ப நல்ல காரணம். ஊர்ல எவனும் சீந்தாததுக்கு நீங்கதான் கிடைச்சீங்களா?"

"ஒரே சாப்பாட்டுல பிடிவாதமா நிக்கிற ஜீவன்டி, பாவம்."

"உப்பு ஒரு கல்லு குறைஞ்சா தட்டைத் தள்ளி வைக்கிற ஆளோட பதினெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன். எனக்கா பிடிவாதம் தெரியாது?"

தொட்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், "இரு, அவளுக்கு முகம் காட்டிட்டு வந்துடறேன், இல்லன்னா கோச்சுப்பா" என்று நேரே அங்கேதான் போவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் மீன் என்று சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவருக்கு எதையாவது ஓடவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடம் அந்த ஜோடியை ஓடவைத்தார். ஈரக்கையே வீட்டுக்கு ஆள் கூட்டி வந்து காட்டுவார்.

பிறகு அவருக்குக் கணையத்தில் கட்டி வந்தது. நான்கு மாதம். முதல் மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போனில் தொட்டியைப் பார்த்துக்கொண்டார். "குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்து, உப்பு போடாதே. ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு எங்கயும் போகாது." கடைசிப் பதினைந்து நாள் நான் வீட்டுக்கே போகவில்லை. தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, தோட்டத்தில் இருபத்துமூன்று கிளைகள் வெளுத்து எலும்பாகிவிட்டன. ஜோடி மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது.

அவர் தெளிவாகப் பேசிய கடைசி நாளில் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டும் பட்டினி கிடக்கக் கூடாது, பார்த்துக்க" என்றார். அப்போது அவரே ஆறு நாளாக ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியாமல் கிடந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. "சரி" என்றேன்.

அவருடைய தம்பி வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். லீவு கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாளாகியிருந்தது. கையில் பையோடு வாசலில் நின்றவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை போன் செய்வார். என்ன பேசுவதென்று தெரியாமல் கடைசியில் மீனுக்கு வந்துவிடுவார்.

"அண்ணி, அண்ணனோட மீனு ரெண்டும்?"

"இருக்கு தம்பி."

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

அப்போது அது உண்மை.

நான் முதலில் ஈரக்கையிடம்தான் போனேன். அந்த வருடம் பவளம் இறக்குமதி செய்யும் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அவர் கடையில் மிருதுவான பவளங்கள்தான் இருந்தன, அவற்றை இந்த மீன் தொடாது. "பவளம் வளர்க்கிறவங்க அட்ரஸ் தரேன், கேட்டுப் பாருங்க அக்கா" என்று ஐந்து பேரை எழுதித் தந்தார். ஐந்து வீட்டுக்கும் போனேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள், தங்கள் தொட்டியைக் காட்டினார்கள். எதற்கு என்று சொன்னதும் முகம் மாறியது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வெளிப்படையாகவே சொன்னார். "ரெண்டு வருஷமா ஒரு விரல் நீளம் வளர்த்திருக்கேன்மா. அதை இன்னொரு மீனு வாய்ல வைக்கச் சொல்றீங்களே." அவர் சொன்னதில் தவறு இல்லை. ஒரு அம்மாள் மட்டும் இரண்டு கிளை கொடுத்தார். அதில் ஒன்று பிழைக்கவில்லை.

கிளைகள் ஏழாகக் குறைந்தபோது ஈரக்கை இன்னொரு வழி சொன்னார்.

"செத்த கோரல் இருக்கில்ல, அதோட ஓட்டைக்குள்ள சிப்பிக் கறியை அரைச்சு பூசி வைங்க. உயிரோட இருக்குன்னு ஏமாந்து கொத்தும். ஒரு தடவை ருசி தெரிஞ்சிருச்சுன்னா பொழைச்சுக்கும்."

"நடக்குமா?"

"நூத்துல ஒண்ணு ரெண்டு. அண்ணன்கிட்டயும் சொன்னேன். எதுக்கு ஏமாத்தணும்னுட்டாரு."

வெளுத்துப்போன இருபத்துமூன்று எலும்புகள் என்னிடம் இருந்தனவே. சிப்பிக் கறியை மிக்ஸியில் அரைத்துப் பூசி உள்ளே இறக்கினேன். மோட்டார் தள்ளும் தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் கரைந்து தொட்டி முழுக்கப் பாலாகிவிட்டது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மீன்கள் கிட்டே வருவதற்குள் வெறும் எலும்புதான் நின்றது. இரண்டும் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பழகிய கிளை எங்கே என்று என்னைப் பார்க்கும். பார்ப்பதாக எனக்குத் தோன்றும்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு கட்டி, பல் அடுக்குவது. இருபது வருடத் தொழில். ஒரு நாள் அச்சு எடுக்கும் பசையைக் குழைத்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. இரண்டு டியூப், ஒன்று வெள்ளை, ஒன்று செம்பழுப்பு. சம அளவு பிதுக்கிக் குழைத்தால் வாயின் எச்சில் ஈரத்திலேயே நான்கு நிமிடத்தில் இறுகிவிடும். எச்சிலில் இறுகுவது தண்ணீரில் இறுகாதா? அதோடு, வாய்க்குள் போவது எதுவும் விஷமாக இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் லேபில் முதல் பாடம். மனிதன் வாய்க்கு ஒத்துக்கொள்வது மீன் வாய்க்கு ஏன் ஒத்துக்கொள்ளாது? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. என் தொழில் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

சாப்பாட்டு இடைவேளையில் சிப்பிக் கறியைப் பசையோடு பிசைந்து எலும்பில் பூசி, ஊசியால் குத்திக் குத்தி நிஜப் பவளத்தின் கண்கள் போலச் செதுக்கினேன். பக்கத்து மேசையில் மெழுகு வேலை செய்கிற பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா இந்த செட்டு? வாய் ரொம்பச் சின்னதா இருக்கே."

"மீனுக்கு."

"அதுக்கும் பல்லு விழுந்துடுச்சா? பாவம், வயசாச்சுன்னா எல்லாரும் நம்மகிட்டதான் வரணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா செஞ்சிருக்கே. நிஜம் தோத்துப் போகும்" என்றார்.

கணவர் போன பிறகு ஒருவர் என் வேலையைப் பாராட்டியது அன்றுதான்.

அன்று மாலை பெரிய தொட்டியில் அதை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பசை கரையவில்லை. ஜோடியில் சின்னது முதலில் வந்தது. சுற்றியது, விலகியது, திரும்ப வந்தது. ஒரு கொத்து. நான் மூச்சு விடவில்லை. இன்னொரு கொத்து. பிறகு பெரியதும் வந்தது. ஏழு வரை எண்ணினேன், அதற்குமேல் கண்ணில் தண்ணீர் கட்டி எண்ண முடியவில்லை. கை துடைக்காமலே கொழுந்தனுக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, சாப்பிட்டுச்சு! நான் செஞ்சதைச் சாப்பிட்டுச்சு! இனிமே கோரலே வேண்டாம், சிப்பி போதும்."

"நிஜமாவா அண்ணி?" என்றார். "அண்ணனால முடியாததை நீங்க செஞ்சுட்டீங்க." பிறகு அழுதார். அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்று அதுவரை என்னிடம் சொல்லாததை எல்லாம் சொல்லி அழுதார். "இதுங்களாவது நல்லா இருக்கட்டும் அண்ணி. இது ஒண்ணாவது."

அந்த மகிழ்ச்சியில் பந்தி வைப்பதுபோல் இன்னும் மூன்று கற்களுக்குப் பசை பூசி வைத்தேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகள் நாலைந்து மணலில் விழுந்து கிடந்தன. பாசி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மீன்கள் இரண்டும் பாறை ஓரம் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நின்றன. எந்நேரமும் அலைந்துகொண்டே இருக்கும் ஜோடி அது. வயிறு நிறைந்த களைப்பு என்று நினைத்தேன். பட்டினி கிடந்தது சாப்பிட்டால் தூக்கம்தானே வரும். வேலைக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்தபோது பெரியது மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. சின்னது அதன் மேலேயே சாய்ந்தபடி மிதந்துகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஒரு கல்லை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி, நடந்ததைச் சொன்னேன். ஈரக்கை பையைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா இது, கிராம்பு வாசம்?"

"லேப் பசை. அதுல கிராம்பு எண்ணெய் இருக்கும். மனுஷன் வாய்ல வைக்கிறதுதான், ஒண்ணும் செய்யாது."

அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். அவர் கை துடைத்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, இனிமே பொழைக்காதுன்னு தெரிஞ்ச மீனை நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? தண்ணியில கிராம்பு எண்ணெய் நாலு சொட்டு. நோகாம தூங்கிடும்."

"தூங்கி?"

"அவ்வளவுதான். எந்திரிக்காது."

"இன்னொண்ணு மூச்சு விடுதா? அப்ப நில்லாதீங்க, ஓடிப்போய்த் தோட்டத்துத் தொட்டிக்கு மாத்துங்க" என்று அவர்தான் என்னை விரட்டினார்.

மாற்றினேன். பிழைத்துக்கொண்டது. தோட்டத்தில் அப்போது நான்கு கிளைகள். இதுவரை ஒன்று ஒன்றாக வாடகைக்கு வந்த கிளைகள் இருந்த இடத்துக்கே மீன் குடிவந்துவிட்டது. பெரிய தொட்டித் தண்ணீரில் பசை ஊறியிருந்தது, திரும்ப அங்கே விட வழியில்லை. துணையைத் தேடிக் கண்ணாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போகும், நடுவில் கொத்தும். ஒன்பது நாளில் நான்கையும் தின்று முடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்து மிச்சம் பிடித்தால் மட்டும் என்ன, மூன்று நாள் கூடும்.

அதன் பிறகு எலும்புகளைக் கொத்தியது. சிப்பி வைத்தேன், இறால் வைத்தேன், ஈரக்கை எங்கிருந்தோ கொண்டுவந்த மீன் முட்டை வைத்தேன். வயிறு உள்வாங்கி, முதுகு கத்தி விளிம்பு போல ஆனது. தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் ஒரு முறை பார்த்திருந்தேன்.

ஒரு மதியம் ஈரக்கையே வீட்டுக்கு வந்தார். தொட்டி முன் குனிந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கோச்சுக்காதீங்க அக்கா. நாலு சொட்டு."

"வேண்டாம்."

"இனிமே இது சாப்பிடாது."

"அன்னைக்குத் தெரியாமச் செஞ்சேன். இன்னைக்குத் தெரிஞ்சு அதையே செய்யச் சொல்றீங்களா?"

"அன்னைக்கு நீங்க செஞ்சதைவிட இது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குப்பியை விட்டுவிட்டுப் போனார். நான் அதை அடுப்படி ஜன்னலில் வைத்தேன். தொடவில்லை. மீனுக்கு அதற்குப் பிறகு பதினோரு நாள் பிடித்தது.

நான் செய்தது தவறு. இரக்கம் என்றோ உறுதி என்றோ அதற்குப் பெயர் வைக்க முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பட்டினி கிடக்கக் கூடாது. கடைசியில் நான் அவருக்குச் செய்திருக்கக் கூடியது அந்த நாலு சொட்டு மட்டும்தான். அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் கைக்கு இன்னொரு சாவு வேண்டாம் என்று, பதினோரு நாளை அதன் தலையில் கட்டினேன்.

இத்தனை நாளும் கொழுந்தன் போன் செய்துகொண்டுதான் இருந்தார். "சாப்பிடுதா அண்ணி?" "சாப்பிடுது தம்பி." பெரியது போன அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னதாகவும், ஒருத்தர்கூட நம்பவில்லை என்றும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. அன்று விட்டது விட்டதுதான். சின்னது போன பிறகும், "சாப்பிடுது" என்றேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தோளில் பை. இரண்டு கையாலும் அணைத்தபடி ஒரு தெர்மாகோல் பெட்டி.

"லோடு வண்டி இந்தப் பக்கம் வந்துச்சு, ஏறிட்டேன் அண்ணி. எங்க மீனு?"

நான் பதில் தேடுவதற்குள் முன்னறைக்குப் போய்விட்டார். இரண்டு தொட்டியிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரிய தொட்டியைப் பார்த்தார். பாறை, மணல், மணலில் வெறும் நத்தை ஓடுகள். பிறகு சின்னத் தொட்டி. கற்களில் வரிசையாக நட்ட வெள்ளை எலும்புகள். மறுபடி பெரிய தொட்டி. நான் கதவோரம் நின்றேன். வெகுநேரம் அவர் திரும்பவேயில்லை.

"பாறைக்குப் பின்னாடி இருக்கும்," என்றார். அவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை.

"ஆமா தம்பி. புது ஆளைப் பார்த்தா வெளிய வராது."

"அதானே." தலையை ஆட்டினார். கண்ணாடியைப் பார்த்தபடியே பெட்டியின் மூடியை ஒரு விரலால் தடவினார். "கிடங்குல சொல்லி வச்சு வாங்கினேன். சிப்பி. ஓடு எடுத்துச் சுத்தம் பண்ணி, பாக்கெட் பாக்கெட்டாக் கட்டியிருக்கு. எங்க வைக்கட்டும்?"

"ஃப்ரீசர்ல வைங்க."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். ஃப்ரீசரைத் திறந்து, ஒவ்வொரு பாக்கெட்டாக இடம் பார்த்து அடுக்கும் சத்தம் கேட்டது. அவருக்குப் பழகிய வேலை, சீராக இருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு வரும் அண்ணி," என்றார் அங்கிருந்தே.

"வரும்," என்றேன்.